கையில் ஏதாவது கொடுங்க

எடை மெஷினில் ஏறச் சொன்னதும் கனிஷ்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் ஸ்டூலின்மேல் நின்று சுவரில் ஒரு கத்தரிக்காய்க்கு ஊதா பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அங்கன்வாடியின் உள்சுவர் முழுக்கக் காய்கறியாக வரைந்து தரும்படி அங்கே டீச்சராக இருக்கும் மல்லிகா அக்கா கேட்டிருந்தார். வெளியே போர்டில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும். கடத்தூர்ப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, எங்களுக்கு அது பால்வாடிதான்.

உட்கார்ந்தவள் முதலில் இடது கால் கொலுசின் திருகைத் திருகினாள். பிஞ்சு விரலுக்கு அது லேசில் கழன்று வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு திருகிக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். அப்புறம் வலது கால். அப்புறம் தலையில் இருந்த இரண்டு கிளிப். அப்புறம் பிளாஸ்டிக் வளையல். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து முடித்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறி நின்றாள். வயது நாலரை.

நான் சிரித்தேன். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தேன். என் உடம்புக்கு எந்த ஸ்டூலும் சும்மாவே ஆடும், அது வேறு விஷயம்.

மல்லிகா அக்கா சிரிக்கவில்லை. எடைக் கார்டை எடுத்துப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார். அவர் டீச்சராக இருந்தாலும் ஸ்கூலில் ட்ராயிங் எடுக்கிற என்னைத்தான் டீச்சர் என்பார்.

"போன மாசமே எறங்கியிருந்துச்சுங்க டீச்சர். மெஷின்ல கோளாறுன்னு நெனச்சேன். இந்த மாசமும் எறங்குது."

கனிஷ்கா கீழே இறங்கி, "கொறஞ்சிருச்சா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. என் கையில் பிரஷ் அப்படியே நின்றுவிட்டது.

முன்வரிசைப் பிள்ளை

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ஹைஸ்கூலில் வாரத்துக்கு மூன்று அரைநாள் ட்ராயிங் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். ஊரில் எனக்கு ட்ராயிங் டீச்சர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் அடக்கத் தெரியாது என்று என் அண்ணன் சொல்வார். போன வாரம் படித்தவர்கள் அவர் கட்சிதான்.

கனிஷ்கா என் பக்கத்து வீட்டுப் பெண். அவள் அப்பாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அம்மா ராணி மாம்பழ சீசனில் மாங்கூழ் கம்பெனிக்கும் மற்ற நாளில் களை எடுக்கவும் போகிறவள். பால்வாடி விட்டதும் கனிஷ்கா நேராக என் வீட்டுக்கு வருவாள். நான் படம் போடும் மேஜைக்கு எதிரில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ராணி வரும்வரை நான் சீவிப்போட்ட பென்சில் சுருளைப் பொறுக்கிச் சேர்ப்பாள். பேச்சு கம்மி. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

மாதாமாதம் பால்வாடியில் எடை போடுவார்கள். கார்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. மல்லிகா அக்காவுக்கு எப்போதும் சிவப்பைப் பற்றித்தான் கவலை. ஒல்லிப் பிள்ளைகளைத் துரத்தித் துரத்திச் சத்துமாவு உருண்டையை ஊட்டி ஓய்ந்துபோவார். அப்படிப்பட்ட இடத்தில் கனிஷ்கா பச்சைக்கு நடுவில் ஆடாமல் அசையாமல் இருந்தவள். புசுபுசுவென்ற கன்னம், மடிப்பு விழுந்த மணிக்கட்டு. சூப்பர்வைசர் மேடம் வருகிற நாளில் ஒல்லிகளைப் பின்னால் தள்ளிவிட்டு இவளை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். "நல்ல வளர்த்தி" என்று மேடம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பிள்ளையைத் தட்டிப் பார்ப்பது. அதுவும் ஒரு கூத்துதான்.

அந்தப் பிள்ளைதான் இரண்டு மாதமாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். விசாரித்ததில் ஒவ்வொன்றாக வந்தது. சத்துமாவு உருண்டையை வாங்கி, கை கழுவப் போகிற சாக்கில் கோழிக்குப் போட்டிருக்கிறாள். முட்டையைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டுக்குத் தள்ளியிருக்கிறாள். ராணி கேட்டால் பால்வாடியில் தின்றுவிட்டேன் என்பாளாம், மல்லிகா அக்கா கேட்டால் வீட்டில் தின்றுவிட்டேன் என்பாளாம். இவ்வளவு சாமர்த்தியத்தை நாலரை வயதுப் பிள்ளை எங்கிருந்து கற்றது என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். எங்கிருந்து என்று யோசிக்க ஒருத்திக்கும் துப்பில்லை.

வட்டம் போட்டால் பெருந்தீனி

கொஞ்சம் விலகிப் போகிறேன். விலகினாலும் சுற்றிக்கொண்டு இங்கேதான் வரவேண்டும்.

குழந்தைப் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்களின் தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. ரகசியம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு மட்டமானது. கெட்டிக்காரப் பிள்ளை வேண்டுமா, கோடு போடு. பெருந்தீனிப் பிள்ளை வேண்டுமா, வட்டம் போடு. சோம்பேறி ராஜாவா, வட்டம். தூங்கி வழியும் காவல்காரனா, வட்டம். பேராசைக்கார வியாபாரியா, பெரிய வட்டத்தின்மேல் சின்ன வட்டம். கதை எழுதுகிறவர் குணத்தைப் பற்றி மெனக்கெட்டு எழுத வேண்டியதில்லை. நாங்கள் இடுப்பை அகலமாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை ஒருமுறை தரையில் பரப்பிப் பார்த்தேன். யானை ஏறியதும் ஊஞ்சல் அறுந்து விழுகிறது. நீர்யானை கதவில் சிக்கிக்கொள்கிறது. பன்றி அடுத்தவர் பங்கையும் தின்கிறது. குண்டுப் பையன் உட்கார்ந்ததும் பெஞ்சு முறிகிறது. எத்தனை பெஞ்சு! எங்கள் ஸ்கூலில் இத்தனை வருடத்தில் பெஞ்சு முறிந்து நான் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் கரையான் வேலை. படப்புத்தக உலகத்தில் மட்டும் ஒரு ஆசாரிக்கும் ஒழுங்காக ஆணி அடிக்கத் தெரியாது போலிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் புத்தி வரும். குண்டுப் பிள்ளை நாலு நாள் ஓடி, ஐந்தாம் நாள் ஒல்லியாகி, எல்லோரும் கைதட்டுவார்கள். எந்த ஊரில் ஐயா இப்படி நடக்கிறது? நான் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் ஸ்கூலுக்கும் நடையாய் நடக்கிறவள். தேய்ந்தது செருப்புதான்.

இதைவிட எரிச்சல் வருவது வேறொன்றில். இந்தப் புத்தகங்களில் ஒல்லிப் பிள்ளைகளுக்கு என்னென்னவோ நடக்கும். பூனைக்குட்டி தொலைந்துபோகும். மழை வரும், காகிதக் கப்பல் விடுவார்கள். நிலா கூடவே நடந்து வரும். குண்டுப் பிள்ளைக்குப் பூனைக்குட்டி தொலைந்ததே கிடையாது. நிலா அவள் பின்னால் வந்ததே இல்லை. அவளுக்கு நடப்பது ஒன்றே ஒன்றுதான், அவள் குண்டாக இருக்கிறாள். பதினாறு பக்கமும் அதேதான்.

இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இதே பால்வாடிக்குச் சத்துணவுப் படம் ஒன்று வரைந்து கொடுத்தேன். இடது பக்கம் விலா எலும்பு தெரிகிற பிள்ளை, அழுகிறது. வலது பக்கம் கன்னம் உப்பிய பிள்ளை, சிரிக்கிறது. அது இன்னும் அங்கே தொங்குகிறது. அந்தக் கன்னமும் வட்டம்தான், பெருந்தீனிக்காரியின் கன்னமும் வட்டம்தான், இரண்டையும் போட்டது இந்தக் கைதான். சுவரில் மாட்டினால் ஆரோக்கியம், புத்தகத்தில் அச்சடித்தால் பெருந்தீனி. ஒல்லிப் பிள்ளைகளையாவது விட்டோமா? அந்த இடது பக்கத்துப் பிள்ளை மாதிரி இருக்கும் எத்தனை பிள்ளைகள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சோறு தின்றிருக்கும்!

நான் பூசணியாக இருந்த வருடம்

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை.

இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது ஆண்டு விழாவில் காய்கறி நாடகம் போட்டார்கள். ஆள் பொறுக்க டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். ஒல்லிகள் முருங்கைக்காய், வெண்டைக்காய். கொஞ்சம் சிவப்பாக இருந்தவள் தக்காளி. என்னை டீச்சர் விரலால்கூடச் சுட்டவில்லை, வகுப்பே பூசணி என்று சொல்லிவிட்டது. மஞ்சள் காகிதத்தை உடம்பில் சுற்றி, பசை காய்வதற்காக என்னை மட்டும் வெயிலில் நிற்கவைத்தார்கள். மைதாப் பசையின் புளிச்ச வாடை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

நாடகத்தில் பூசணி உருண்டு வரவேண்டும், மற்ற காய்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். எனக்கு வசனம் கிடையாது. உருண்டேன். கைதட்டலில் பந்தல் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி உருண்டேன். யாரும் சொல்லாமலே மூன்றாவது முறையும் உருண்டேன். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிக்கவைத்துவிட்டால் வலிக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதை வைத்தே இத்தனை வருடம் பிழைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போதே, எனக்கு ரெண்டு இலை போடுங்கப்பா என்று நானே ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் ஒரு இலையில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பேன். எல்லோரும் பார்க்கிறார்களே, எப்படித் தின்பது? இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டைப் பார்த்த பக்கம்

மாமரங்கள் பூத்திருந்த சமயத்தில் சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து கதை வந்தது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். ஒரு சிறுமி (குண்டாகப் போடுங்கள் என்று எனக்குத் தனிக் குறிப்பு) சந்தைக்குப் போகிறாள். வழியெல்லாம் தின்கிறாள். தம்பியின் முறுக்கையும் பிடுங்கித் தின்கிறாள். கடைசியில் அவள் ஏறியதும் ராட்டினம் சுற்றாமல் நின்றுவிடுகிறது, பகிர்ந்து உண்ண வேண்டும் என்று அவளுக்குப் புத்தி வருகிறது.

படித்ததும் எனக்குக் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை. சந்தை வரைய வாய்ப்பு வந்ததே என்று குதித்தேன். கடத்தூர்ச் சந்தையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து புளி மூட்டை, தக்காளிக் கூடை, ஆட்டு வியாபாரி என்று நோட்டு நிறைய வரைந்துகொண்டு வந்தேன்.

சிறுமியைத் தேடி எங்கும் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து பென்சில் சுருள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செர்ரிப் பழ அச்சுப் போட்ட மஞ்சள் கவுன், எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் ரிப்பன், காலை மடக்கி உட்காரும் பழக்கம், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். உன் பெண்ணைப் புத்தகத்தில் போடட்டுமா என்று ராணியிடம் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன கதை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பென்சில் படங்களை அனுப்பிவைத்தேன். ஒரு பக்கத்தில், என்னவோ தோன்றி, சந்தையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவள் குனிந்து பார்க்கிற மாதிரி போட்டிருந்தேன். ஆடு அவளைப் பார்க்கிறது, அவள் ஆட்டைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். அந்தப் பக்கம் மட்டும் திரும்பி வந்தது. எடிட்டர் அம்மா போனில் ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"படம் நல்லா இருக்கு மேடம். ஆனா இந்தப் பக்கத்துல கேரக்டர் விட்டுப்போகுது. கையில ஏதாவது கொடுங்க."

கொடுத்தேன். மற்ற பக்கங்களில் ஏற்கெனவே ஜிலேபி, கடலைப் பொட்டலம், மாம்பழம், பஞ்சுமிட்டாய் எல்லாம் இருந்தன. ஆட்டைப் பார்க்கிறவளின் கையில் ஒரு முறுக்கும் வாயில் ஒரு துண்டும் வைத்து, கன்னத்தை இன்னும் கொஞ்சம் உப்பவைத்து அனுப்பினேன். இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பால்வாடிக் கார்டில் பச்சைக்கு நடுவில் இருந்த பிள்ளையை அரை மணி நேரத்தில் பெருந்தீனிக்காரி ஆக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டு காபி குடித்தேன்.

இது யாரு?

வைகாசி வெயிலில் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் பிரதியை நானே பால்வாடிக்குக் கொண்டுபோனேன்.

மல்லிகா அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கமும் படித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, இது யாரு என்று கேட்பார். யானை, குரங்கு, போலீஸ் என்று பிள்ளைகள் கத்த வேண்டும். அன்றைக்கும் திருப்பிக் காட்டிக் கேட்டார். கனிஷ்கா அதே மஞ்சள் கவுனில் வந்திருந்தாள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. கனிஷ்கா என்று ஒரே குரலில் கத்தின.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? புத்தகத்தைப் பிடுங்கி மூடியிருக்க வேண்டும். நானோ அவளைக் கையைப் பிடித்து எழுப்பி நடுவில் நிறுத்தினேன். ஆமாம், இது நம்ம கனிஷ்காதான், எல்லோரும் கைதட்டுங்கள் என்றேன். ஜிலேபி தின்பது யார்? கனிஷ்கா. தம்பி முறுக்கைப் பிடுங்கியது யார்? கனிஷ்கா. யார் ஏறி ராட்டினம் நின்றது? கனிஷ்கா. அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. மேடையில் மூன்று முறை உருண்டவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ராணிக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தேன், அதை அவள் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் காட்டினாள். மாங்கூழ் கம்பெனிக்குச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனாள். பிள்ளை புத்தகத்தில் வந்துவிட்டது, பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கனிஷ்காவுக்கு எழுத்துத் தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். அதனால் எங்கள் ஊரிலேயே அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தது அவள் ஒருத்திதான்.

மிளகாய் நெடி

எடை போட்ட அன்று சாயங்காலம் ராணியிடம் விஷயத்தைச் சொன்னோம். அடுத்த ஒரு வாரம் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். டானிக் வாங்கினார்கள். ராணி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் கோளாறு இல்லை, பிள்ளை எதற்காவது பயந்ததா என்று கேட்டாராம். அப்படி ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, மடியில் போட்டுக் கெஞ்சியதை நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கனிஷ்கா வாயைத் திறக்கவில்லை. கவுன் தோளில் நழுவி நழுவி விழ ஆரம்பித்திருந்தது. அப்புறம் ராணி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"மொளகா நெடியே வரலீங்க டீச்சர். புக்குல போட்டீங்கல்ல, ஊருக் கண்ணு பூரா எம்புள்ள மேல பட்டுருச்சு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. படித்தவள் அல்லவா! இந்தக் காலத்தில் கண்ணாவது நெடியாவது என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். புத்தகத்தில் போட்டதால்தான் என்று அவள் சொன்ன பாதி, என் மரமண்டையில் அப்போது ஏறவே இல்லை.

மறுநாள் மிச்சக் காய்கறிகளை வரையப் போனேன். மல்லிகா அக்கா புலம்பிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த புத்தகத்தை ஏதோ ஒரு பிள்ளை எச்சில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை போட்டு வைத்திருக்கிறதாம், வேறு பிரதி இருந்தால் தரச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன்.

ஓட்டைகள் கண்டபடி விழவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சிறுமியின் கை இருந்த இடத்தில் மட்டும்தான் இருந்தன. ஜிலேபி இல்லை. மாம்பழம் இல்லை. பஞ்சுமிட்டாய் இருந்த இடம் தேய்ந்து அடுத்த பக்கம் தெரிந்தது. முகத்தைத் தொடவில்லை, கவுனைத் தொடவில்லை. ஆட்டுப் பக்கத்தில் மட்டும் முறுக்கோடு வாயில் இருந்த துண்டும் போய், காகிதம் பஞ்சு பஞ்சாக நின்றது.

கனிஷ்கா ஜன்னலோரம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. புத்தகத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் அழித்தது என்று கேட்டேன். தான்தான் என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சோற்றில் விரலால் கோடு போட்டாள்.

"அவ இப்ப துன்றதில்லீங்க டீச்சர். நானும் துன்றதில்ல."

எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அத்தனை பிள்ளைகள் வேடிக்கை பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

"நீ யார்கிட்டயும் புடுங்கித் துன்னதில்ல கண்ணு. உனக்குத் தம்பியே கெடையாது. நாந்தான் பொய்யா வரைஞ்சுட்டேன்."

"டீச்சருங்க பொய் வரைவாங்களா?"

வரைவார்கள் என்றேன்.

பாசிட்டிவான கதை

அன்றைக்கே பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். எடிட்டர் அம்மா அதே தன்மையோடு கேட்டுக்கொண்டார். குழந்தைகள் விழுந்து விழுந்து ரசிக்கிறார்களாம், மறுபதிப்பு அச்சில் இருக்கிறதாம், எங்கேயோ ஒரு குழந்தையை வைத்து முடிவெடுக்க முடியாதாம். கதை சொல்வது பகிர்ந்து உண்பதைப் பற்றித்தானே, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டார். இல்லைதான். அந்த வார்த்தையை எழுத்தில் போட அவர்களுக்குக் கூச்சம், அதனால் என்னை வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அடுத்த கதையையும் சொன்னார். ஒரு குண்டுப் பையன் தினமும் ஓடி ஓடி ஒல்லியாகிப் பந்தயத்தில் ஜெயிக்கிறான். ரொம்பப் பாசிட்டிவான கதையாம். என் வாயில் வந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

ராணியிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "நானுந்தானேங்க பையில வெச்சுட்டு ஊரெல்லாம் காட்டுனேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முருங்கைக்காய்க்குப் பக்கத்தில்

பால்வாடிச் சுவரில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் பூசணிக்காகக் கரிக்கோட்டில் ஒரு பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதை அழித்தேன். அந்த இடத்தில் மஞ்சள் கவுன், செர்ரி அச்சு, அவிழ்ந்த ரிப்பன், புசுபுசுக் கன்னம், மணிக்கட்டு மடிப்பு எல்லாவற்றையும் போட்டேன். ஒரு சுற்றுக்கூடக் குறைக்கவில்லை. எதிரில் அந்த ஆட்டுக்குட்டி. பழைய சத்துணவுப் படத்தையும் ஆணியோடு பிடுங்கினேன். அங்கே சுவரில் இரண்டு ஓட்டை இருக்கிறது, பிறகு பூச வேண்டும்.

நான் கையை வரைகிறவரை கனிஷ்கா ஸ்டூலுக்குக் கீழேயே நின்றாள். கையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் வைக்க மாட்டேன் என்றேன். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? மறுநாள் பால்வாடி திறந்ததும் முதல் வேலையாகச் சுவரைத்தான் போய்ப் பார்த்தாளாம், அதற்கு மறுநாளும் பார்த்தாளாம். மூன்றாம் நாள் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆடு ஒல்லியா இருக்குதுங்க டீச்சர். அதுக்குத் தழ குடுங்க."

அவள் கையில் வைக்கட்டுமா, தரையில் போடட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தரையில் என்றாள். ஒரு கொத்து வேப்பந்தழை போட்டேன். அன்றைக்கு மதியம் பாதி முட்டை தின்றாள் என்று சொல்ல மல்லிகா அக்கா வெயிலில் என் வீட்டுவரை நடந்து வந்தார்.

போன வாரம் எடை போட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போயிருந்தேன். மறுபதிப்பு வந்துவிட்டது, எனக்குச் சில பிரதிகள் அனுப்பியிருந்தார்கள், கட்டைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் போனேன். மற்ற ஊர்களுக்குப் போனதை எந்தக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது?

கனிஷ்கா மறுபடியும் தரையில் உட்கார்ந்தாள். வளையலைத் தொடவில்லை, கிளிப்பைத் தொடவில்லை. இடது கால் கொலுசைத் திருகிக் கழற்றினாள். வலது காலில் கை வைத்தாள், சுவரைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள். கழற்றிய ஒற்றைக் கொலுசை என் உள்ளங்கையில் வைத்து, "புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் ஏறி நின்றாள்.

மல்லிகா அக்கா குனிந்து பார்த்து, ஏறியிருக்கிறது என்றார். கனிஷ்கா மெஷினைப் பார்க்கவில்லை. நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.